அழகம்மா பெயருக்கு நீட்டிய கை

கரும்பாறைத் தோட்டம், மேல் பிரிவு,
மஸ்கெலியா.
2004 பெப்ரவரி 8

கல்யாணத்துக்கு வராத அண்ணனுக்கு,

தங்கச்சி வினோதா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். ஆனி மாதத்தில் உங்களை மாமாவாக்கப் போகிறேன். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். கொழும்பில் உங்களுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பிறகுதான் யோசித்தேன். அதனால் நானே எழுதுகிறேன்.

உயர்தரம் படிக்காமல் கழுத்தை நீட்டிவிட்டேன் என்ற கோபம் உங்களுக்கு இன்னும் ஆறியிருக்காது. அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, படித்த மூளையைக் கொண்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

இங்கே கீழ் லயத்தில் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறார் டிஸ்பென்சரி ஐயா. என் மாமியார் அம்மாக்கண்ணு கீழாநெல்லி அரைத்து எல்லாருக்கும் ஊற்றுகிறார், நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்து. மஞ்சள் கண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம்தான் வருகிறது. அம்மாவுக்கும் கண் இப்படித்தான் இருந்தது, வயிறும் வீங்கியது. கசிப்புச் சாராயம் குடித்துத்தான் செத்தாள் என்று நம் லயமே பேசியது. அம்மா ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்கள்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

போகட்டும். என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், சிரிப்பீர்கள். வாக்கப்பட்டு வந்த என் பெயரை இந்தத் தோட்டத்தில் இன்னும் பதியவில்லை. என் நாத்தனார் அழகம்மா சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு நல்லதண்ணியில் ஒரு கடையில் நிற்கிறாள். வேலைக்கு வராவிட்டால் அவள் பெயரை வெட்டிவிடுவார்கள். அதனால் அவள் பெயரில் நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் வீரய்யா கங்காணி “அழகம்மா” என்று கூப்பிடுவார், நான் “இருக்கேன்” என்பேன். அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு ஐயாவுக்குத் தலையில் கொங்காணி போட்ட எல்லாப் பெண்களும் ஒன்றுதான்.

அழகம்மா நல்லவள். தன் பெயரையும் கொடுத்தாள், நல்ல சீலை ஒன்றையும் கொடுத்தாள். அந்தக் கடைக்காரரின் மகனுக்கே அவளைப் பேசி முடித்திருக்கிறோம். ஆவணியில் கல்யாணம். அதற்காவது வாருங்கள்.

வினோதா


கொழும்பு
2004 பெப்ரவரி 17

அன்புள்ள வினோதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமாவாகப் போவதில் சந்தோஷம். அதற்கு மேல் எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும்.

கேட்டதற்கு வருகிறேன். மஞ்சள் காமாலை என்பது ஒரே நோய் அல்ல. ஈரலைப் பிடிக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து. ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏயும் ஈயும் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரால் வரும், வந்து போய்விடும். மற்ற மூன்றும் இரத்தத்தால் வரும். அவற்றில் பி, தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும், வெளியே தெரியாமல் உடம்பில் வருஷக்கணக்கில் தங்கியும் இருக்கும். கண்ணைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஐந்தையும் ஒரே குழாயில் தேடும் முறை ஒன்றை எங்கள் ஆய்வுகூடத்தில் நான்தான் இப்போது பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது ஒரு பெரட்டு. ஒரு துளி இரத்தத்துக்குள் ஐந்து பேரின் பெயரையும் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு வைரஸின் மரபணுவிலும் அதற்கே உரிய ஒரு துண்டு இருக்கிறது, அதுதான் அதன் பெயர். உள்ளே இருப்பவன் மட்டும் பதில் சொல்வான். பதில் சொன்னவனின் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கி விளக்கின் கீழ் வைத்தால் ஒரு கோடாகத் தெரியும். ஒவ்வொருவனுக்கும் கோடு விழுகிற இடம் வேறு. உன்னைப் போல ஒருவர் பெயருக்கு இன்னொருவர் பதில் சொல்ல இந்தப் பெரட்டில் முடியாது.

அடுத்த வாரம் எங்கள் ஆட்கள் உங்கள் தோட்டத்துக்கு இரத்தம் எடுக்க வருகிறார்கள். எனக்கு மிஷினை விட்டு வர முடியாது. எல்லாரையும் கொடுக்கச் சொல். நீயும் கொடு.

அண்ணன் சுமன்


கரும்பாறை
2004 பெப்ரவரி 28

அண்ணனுக்கு,

வந்தார்கள், குத்தினார்கள், போனார்கள். காலைப் பெரட்டிலேயே மேசை போட்டு, கங்காணி பெயர் கூப்பிட, மிஸ்ஸி இரத்தம் எடுத்தார். ஆளுக்கு இரண்டு பிஸ்கட். மாயாண்டித் தாத்தா பிஸ்கட்டுக்காக மறுபடியும் வரிசையில் நின்று திட்டு வாங்கினார்.

நானும் கையை நீட்டினேன். பயப்படவில்லை. உங்கள் மிஷினைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வினோதா


கொழும்பு
2004 மார்ச் 24

அன்புள்ள வினோதா,

நல்ல செய்தி. அநேகமாக எல்லாக் குழாயிலும் ஏ மட்டும்தான் பதில் சொன்னது. அதாவது உங்கள் பீலித் தண்ணீர்தான் காரணம். கொதிக்க வைத்துக் குடித்தால் இது அடங்கிவிடும்.

ஆனால் ஒரு குழாயில் மட்டும் இரண்டு கோடுகள். ஏயும் இருக்கிறது, பியும் இருக்கிறது. பழைய முறையாக இருந்தால் ஏயைக் கண்டதும் போதும் என்று விட்டிருப்பார்கள். பி யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கும். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான எங்கள் மேடமே என் மேசைக்கு வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போனார். அது யாருடைய இரத்தம் என்று நான் சொல்லக்கூடாது, கேட்காதே. அறிக்கை உங்கள் டிஸ்பென்சரிக்கு வரும். அந்த ஆளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுவார்கள்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. உன் பெயரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. கையை நீட்டினேன் என்று எழுதியிருந்தாய். வரும் வழியில் சில குழாய்கள் உடைந்துவிட்டன, உன்னுடையது அதில் போயிருக்க வேண்டும். இன்னொரு தடவை எடுத்தனுப்பு.

சுமன்


கரும்பாறை
2004 ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

தனியே கூப்பிட்டுச் சொல்லுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்பென்சரி ஐயா பெரட்டில் நின்று சத்தமாக வாசித்தார். இன்னாருக்கு ஏ, இன்னாருக்கு ஏ, அழகம்மாவுக்கு ஏயும் பியும். “பி என்னய்யா?” என்று யாரோ கேட்டார்கள். “அது ஒழுக்கமா இருக்கிறவங்களுக்கு வராது” என்றுவிட்டு அடுத்த பெயரைப் படித்தார்.

அழகம்மா அப்போது நல்லதண்ணியிலிருந்து காய்ச்சலோடு வந்து வீட்டுக் காம்பராவில் படுத்திருந்தாள். அவள் கண்ணும் மஞ்சள்தான். அதனால் எல்லாரும் நம்பிவிட்டார்கள், மாமியார்கூட. சீசன் கடையில் நின்ற பெண்ணைப் பற்றி லயத்தில் என்னென்ன பேசுவார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நல்லதண்ணிக்காரர்கள் வந்தார்கள், தேத்தண்ணி குடிக்காமல் போனார்கள். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமாம். அழகம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். “அண்ணி, நான் ஒன்னுமே பண்ணலயே, எனக்கு எப்புடி வந்துச்சு?” என்று என்னைத்தான் கேட்கிறாள். நான் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன்.

எனக்கு எல்லாம் குழப்பமாக இருக்கிறது. சில கேள்விகள் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுதுங்கள். நோய் பெயரோடு போகுமா, இரத்தத்தோடு போகுமா? குழாயில் பெயர் மாறிப்போக வழி உண்டா? பி உள்ள ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? இதைச் சும்மாதான் கேட்கிறேன்.

வினோதா


கொழும்பு
2004 ஏப்ரல் 19

வினோதா,

உங்கள் டிஸ்பென்சரி ஐயா செய்தது பெரிய அநியாயம். மேடம் அவருக்குக் கடுமையாக எழுதியிருக்கிறார். ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், சரியாகக் கழுவாத ஊசியால் வந்திருக்கலாம். அழகம்மாவின் மீது ஒரு குற்றமும் இல்லை என்று உன் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்.

குழாயில் பெயர் மாறுமா என்று கேட்டாய். எடுக்கும்போதே பெயர் எழுதி ஒட்டுவார்கள், இங்கே பட்டியலோடு ஒத்துப் பார்த்தவன் நான். மாறாது. நோய் பெயரோடு போகுமா என்று சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவள் கேட்கலாமா? உயர்தரம் படித்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய். உன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் இதற்காகத்தான்.

பிள்ளைத்தாய்ச்சி விஷயம். தாய்க்கு பி இருந்தால் பிள்ளை பிறந்த அன்றைக்கே இரண்டு ஊசி போட வேண்டும். போட்டால் அநேகமாகத் தப்பிவிடும். போடாவிட்டால் அநேகமாக ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் ஆயுசுக்கும் இருக்கும், ஒருநாள் ஈரலைத் தின்றுவிடும். அழகம்மா கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறும்போது இதை மறக்க வேண்டாம். இப்போதைக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எதற்கும் அழகம்மாவின் இரத்தத்தை இன்னொரு தடவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஆள் ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னால் என் முறைக்கும் பலம்தான்.

சுமன்


கொழும்பு
2004 மே 7

வினோ,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. அழகம்மாவின் இரத்தம் வந்தது. ஏ மட்டும்தான் பதில் சொன்னது. பி இல்லை. திரும்பவும் ஓட்டினேன், இல்லை. பெப்ரவரிக் குழாயில் மிச்சமிருந்ததை எடுத்து ஓட்டினேன், அதில் இருக்கிறது. பெயர் ஒன்று, இரத்தம் இரண்டு சொல்கிறது.

என் மேசையில் ஏதோ கலந்துவிட்டது என்கிறார் மேடம். ஐந்தையும் ஒன்றாகத் தேடப் போனால் இப்படித்தான், இந்த முறையை மூட்டை கட்டிவிட்டுத் தனித்தனியாகவே பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டார். பாவித்த எல்லாவற்றையும் கழுவி, புதிதாகக் கலக்கி, வெறும் தண்ணீரைக்கூட ஓட்டிப் பார்த்துவிட்டேன். தண்ணீரில் ஒன்றும் வரவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

இன்றைக்குக் கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நடத்துனர் ஊர்களின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபடி நின்ற எனக்குத் திடீரென்று அம்மா ஞாபகம் வந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவுக்குப் பிரசவம் ஆனபோது பெரட்டில் அவள் பெயருக்கும் அம்மாதான் குரல் கொடுப்பாள். நானும் லயத்தில் பிறந்தவன்தானே, நீயும் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், நான் அதைக் கேலியும் செய்தேன், எப்படி மறந்தேன்?

வினோ, பெப்ரவரியில் அழகம்மா நல்லதண்ணியில்தானே இருந்தாள்? அப்படியானால் மேசையில் நீட்டிய கை யாருடையது? உடனே எழுது.

சுமன்


கரும்பாறை
2004 மே 7

அண்ணே,

அழகம்மா பெயருக்கு நீட்டிய கை என்னுடையது.

உங்களிடமிருந்து வேறு கடிதம் வருமுன்னே எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். கங்காணி அழகம்மா என்று கூப்பிட்டார், வழக்கம்போல இருக்கேன் என்றேன், கையை நீட்டினேன். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இல்லை. பெரட்டில் நின்றால் நான் அழகம்மா, வீட்டுக்கு வந்தால் வினோதா, அவ்வளவுதான். வேறு மாதிரி செய்யலாம் என்றே தோன்றவில்லை.

டிஸ்பென்சரி ஐயா வாசித்தபோது நான் கும்பலில் நின்றேன். பெயர் அவளுடையது, இரத்தம் என்னுடையது, அப்படியானால் நோய் யாருடையது என்று உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. அவள் கண்ணும் மஞ்சளாக இருந்ததால் அவளுக்குத்தான் என்று நானே சில நாள் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். வாயைத் திறந்தால் அழகம்மாவின் பெயரை வெட்டிவிடுவார்கள், கங்காணிக்கும் வேலை போகும், அதனால்தான் அவரும் காட்டிக்கொள்ளவில்லை, என்னையும் வீட்டில் ஒழுக்கம் கெட்டவள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வாழ்க்கை போகிறது. இரண்டு பக்கமும் இழுத்தால் மனுஷி எங்கே நிற்பது?

பிறந்த அன்றைக்கே ஊசி என்று நீங்கள் எழுதினதைப் படித்தபோது பிள்ளை உதைத்தது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நேற்று என் வீட்டுக்காரர் செல்லசாமியிடம் முதலில் சொன்னேன். “அப்ப எனக்கும் ரத்தம் பாக்கணுமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே போய்த் தன் அம்மாவிடமும் தங்கச்சியிடமும் சொன்னார். மாமியார் என் கோப்பையைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அழகம்மா எழுந்து உட்கார்ந்து, “எம் பேரக் குடுத்தேன், அத இப்புடியா திருப்பித் தருவீங்க அண்ணி?” என்றாள். பிறகு தன் பாயை இழுத்து மாமியார் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். பிள்ளைக்கு அந்த ஊசி எங்கே கிடைக்கும்?

உங்கள் வினோதா


கொழும்பு
2004 மே 20

என் தங்கச்சிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்தத் தடவை உன் சொந்தப் பெயரில் நீ எடுத்தனுப்பிய இரத்தத்தில் பி இருக்கிறது. ஏ போய்விட்டது. என் முறை பொய் சொல்லவில்லை. ஆனால் மேடம் இப்போது வேறொன்று கேட்கிறார், அந்தப் பெரட்டில் இன்னும் எத்தனை பேர் அடுத்தவர் பெயருக்குக் கையை நீட்டினார்கள் என்று. நான் என்ன சொல்ல? முழு அறிக்கையையும் மடித்து வைத்துவிட்டோம். வீடு வீடாகப் போய், முகத்தைப் பார்த்துக் கேட்டு, முதலிலிருந்து எடுக்க வேண்டும். யாருடைய பெயரும் தோட்டத்துக்குப் போகாது என்று மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஊசிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. ஐஸ் பெட்டியில் வைத்து ஹட்டனுக்கு ரயிலில் நானே கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் பிரசவம் வரை இருக்கும். செல்லசாமிக்கும் வீட்டில் எல்லாருக்கும் சோதித்துத் தடுப்பூசி போடலாம். கோப்பையால் இது ஒட்டாது, உன் மாமியாரிடம் அதை நானே வந்து சொல்கிறேன்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. உனக்கு எப்படி வந்தது என்று யோசித்தேன். யோசித்துவிட்டு என் இரத்தத்தையும் எடுத்து ஓட்டினேன். வேலைக்குச் சேர்ந்தபோது தடுப்பூசி போட்டார்கள், போடுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வினோ, எனக்கும் பி இருக்கிறது. உன் கோடு விழுந்த அதே இடத்தில் என்னுடையதும் விழுந்தது. ஊரார் இரத்தத்தையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தவன் என்னுடையதை இத்தனை நாள் கூப்பிடவில்லை.

நம் இருவருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மஞ்சள் கண், வீங்கின வயிறு. அம்மாவின் இரத்தத்தில் இனிமேல் பெயர் கூப்பிட்டுப் பார்க்க வழியில்லை, அதனால் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். மேடம் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். உனக்குச் சொல்கிறேன், அம்மா குடிக்கவில்லை.

இதை எழுதிவிட்டு அழுதேன். கல்யாணத்துக்கு வராததற்கும் சேர்த்துத்தான்.

அண்ணன்


கரும்பாறை
2004 ஜூலை 4

அண்ணனுக்கு,

நீங்கள் வந்து போனதிலிருந்து லயத்தில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர் என்றே பெயர். ரயிலில் யாரோ ஐஸ்கிறீம் கேட்டார்களாமே, செல்லசாமி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெண் பிள்ளை பிறந்திருக்கிறாள். உங்கள் மூக்கு, பாவம். ஊசி இரண்டும் போட்டாயிற்று. அதில் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மாமியாரின் முதுகுவலியால் என்னோடு ஆஸ்பத்திரிக்கு அழகம்மாதான் வர வேண்டியதாயிற்று. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பிறந்த பிறகு, ஊசி போட மிஸ்ஸி வாசலில் நின்று “வினோதா, வினோதா” என்று கூப்பிட்டார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பிவிட்டார். அழகம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அண்ணி, ஒங்களத்தான் கூப்பிடுறாங்க. இருக்கேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். அவள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொடையைப் பிடித்துக் கொடுத்தாள். பிள்ளை அழுததற்கு அவளும் அழுதாள். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நல்லதண்ணிக்காரர்கள் திரும்பவும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். யோசிக்க வேண்டும் என்று அழகம்மா சொல்லிவிட்டாள், இந்தத் தடவை தேத்தண்ணி ஊற்றாதவள் அவள்தான்.

மாமியார் கோப்பையைத் திரும்ப வைத்துவிட்டார். அவர் கீழாநெல்லியை நிறுத்தவில்லை. என் பெயரைப் பதியக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், கிடைக்கும்போது கிடைக்கட்டும்.

பிள்ளைக்கு ஒரு வயதான பிறகு இரத்தம் பார்க்கலாம் என்று சொன்னீர்கள். அதுவரை எனக்கு நிம்மதி இல்லை. அவள் தூங்கும்போது கண்ணின் வெள்ளையைப் பிரித்துப் பார்த்துத் திட்டு வாங்குகிறேன். அவளுக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறோம், வீரம்மா. பழைய பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை இனி யாரும் குறைவாகப் பேச மாட்டார்கள், உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி எழுதியதை நம் பழைய லயம் வரை வாசிக்கக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

வினோதா


கொழும்பு
2005 ஜூலை 19

வினோ,

குழாயில் ஒட்டியிருக்கும் பெயர் வீரம்மா. நீட்டிய கையும் அவளுடையதுதான், கதறக் கதற நானே பிடித்துக்கொண்டேன்.

ஐந்து பேரையும் கூப்பிட்டேன். நம்பாமல் மறுபடியும் கூப்பிட்டேன். மேடமும் வந்து ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அண்ணன்